பொட்டு வைக்கும் கம்பு

சேலையூரில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு கோடை விடுமுறை தொடங்கிய வாரத்தில், தம் பதின்மூன்று வயது மகனைக் கையோடு அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "சார், இவனைக் குங்ஃபூவில் சேர்க்கலாம் என்று பார்க்கிறேன், நீங்கள்தான் பழைய சங்கதியெல்லாம் படிப்பவராயிற்றே, தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் நல்ல பள்ளியாக ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டார். நல்ல பள்ளி என்று எதைச் சொல்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டதற்கு, அவர் சற்றும் யோசியாமல் இரண்டு நிபந்தனைகளைச் சொன்னார். அது கலப்படமில்லாத பாரம்பரியப் பள்ளியாக இருக்கவேண்டும். பையன் இரண்டு மூன்று வருஷத்தில் போட்டியில் இறங்கி மெடல் வாங்கவேண்டும். சொல்லிவிட்டு, இவை இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகவே வரும் என்ற நம்பிக்கையோடு காப்பியை ஆற்றிக் குடிக்கத் தொடங்கினார். பையன் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாரம்பரியமும் வேண்டும், பந்தயத்தில் ஜெயமும் வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்கும் இந்த வழக்கம் நம் பக்கத்தில் எப்படி வந்தது, கேட்பவர் கையில் கிடைப்பது என்ன என்ற விசாரம் அன்று முதல் என்னைவிட்டு நீங்கவில்லை. அந்த விசாரத்தின் பயனாக நான் கண்டதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: எந்த வித்தையிலும் நாம் பாரம்பரியம் என்று கும்பிடுவது, பெரும்பாலும், என்றோ நடந்து முடிந்த ஒரு பந்தயத்தின் சட்டதிட்டந்தான்.

ஆயுதம் என்ற அளவில் பார்த்தால் சென்னையின் இந்தத் தெற்குப் புறநகருக்கு இருக்கும் பழமை பாரதத்தில் வேறெந்த ஊருக்கும் இளைத்ததன்று. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் பூகர்ப்ப ஆராய்ச்சியாளர், பல்லாவரத்துப் பட்டாளத்தின் அணிவகுப்பு மைதானத்தை அடுத்த சரளைக்கல் குழியில், மனிதன் செதுக்கிய கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் ஒன்று இருந்தது என்பதற்கு முதற் சாட்சியாக நின்றது அந்தக் கல். வெள்ளைக்காரரின் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கிக் கவாத்துப் பழகிய மைதானத்தின் ஓரத்திலேயே, அதற்கு எத்தனையோ ஆயிரம் தலைமுறைக்கு முந்தியவன் ஒருவன் கைக்கு அடக்கமாகச் செதுக்கிய ஆயுதம் கிடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், பல்லாவரம் ரயில் நிலையத்தைக் கடக்கையில் என் கண் தானாகவே மலைப்பக்கம் திரும்பிவிடுகிறது. அங்கிருந்து தெற்கே கடற்கரையோரம் சென்றால் மாமல்லபுரம். பேரரசன் ஒருவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டங்கள் பலவற்றுள் மற்போர் வீரன் என்ற பட்டமே ஊருக்குப் பெயராக நிலைத்துவிட்ட இடம் அது.

ஆனால் கற்கோடரிக்கும் கராத்தே வகுப்புக்கும் இடையில் இந்தப் பக்கத்துக் குடியானவன் கையில் இருந்தது கம்பு. மாடு மேய்ப்பவனுக்கும் ஏரி மடையைக் காவல் காப்பவனுக்கும் அறுவடைக் களத்தில் இரவு படுப்பவனுக்கும் அது அன்றாடத் துணை. தென்பாண்டிச் சீமையில் பாளையக்காரர் போர் ஓய்ந்த பிறகு, 1801 டிசம்பரில் சென்னை கவர்னராயிருந்த எட்வர்டு கிளைவ் பிரபு வெளியிட்ட பிரகடனம் ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் எஞ்சியவற்றையும் உரிமச் சீட்டுக்குள் அடக்கியது. சிலம்பத்தையே வெள்ளைக்காரர் அடியோடு ஒழித்துவிட்டதாக மேடைகளில் முழங்குவதுண்டு. அதை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்குத் தயக்கமே. வாளும் ஈட்டியும் போனபின் கம்பு மட்டும் தங்கியதற்குக் காரணம் எளிது: கிழவன் ஊன்றிவரும் கோலையும் ஆசான் சுழற்றும் கோலையும் பிரித்துச் சொல்ல எந்தக் கச்சேரிக் குமாஸ்தாவாலும் முடியாது. எனினும், சண்டைக்கு என்று ஒருவன் கம்பைப் பழகுகிறான் என்பது சர்க்காருக்கு ஆகாத காரியமாகிவிட்ட காலத்தில், வித்தை திருவிழாவுக்குள் தஞ்சம் புகுந்தது. அம்மன் கோவில் தேருக்கு முன்னும், பொங்கல் முடிந்து மறுநாள் பொட்டலிலும், ஊர்வலத்தின் தலைமாட்டிலும் கம்பு சுழன்றது.

அப்படித் திருவிழாவில் சுழன்ற கம்புக்கு ஜெயாபஜெயம் தீர்மானிக்கும் முறை ஒன்று வேண்டியிருந்தது. மண்டையை உடைத்தவன் ஜெயித்தான் என்றால் அடுத்த வருஷம் திருவிழாவுக்கு ஆள் வரமாட்டான். ஆகவே கம்பின் நுனியில் ஒட்டிப் பிடிக்கும் சாயத்தைப் பூசிக்கொண்டு ஆடினார்கள். எதிரியின் உடம்பில் எவன் கம்பு பொட்டு வைக்கிறதோ அவனுக்குக் கணக்கு. நெற்றியில் வைத்துவிட்டால் ஆட்டம் அத்துடன் தீர்ந்தது. இதைச் சிறுவயதில் பல்லாவரம் பொட்டலில் ஒருமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இருவரும் சட்டை கழற்றி, வேட்டியைத் தார் பாய்ச்சிக் கட்டி, நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர் நாற்பது வயதிருக்கும், மற்றவர் மீசை அரும்பிய இளைஞர். இளைஞரின் கம்பு காற்றில் உறுமியது. பெரியவரின் கம்பு ஏறக்குறைய அசையவே இல்லை. அவர் பார்வை இளைஞரின் கையிலும் கம்பிலும் இல்லாமல் முன்னங்கால் பெருவிரலிலேயே பதிந்திருந்தது. அந்த விரல் தரையை அழுத்திய கணத்தில் பெரியவர் அரை அடி விலகினார். கம்பு நீண்டதும் மீண்டதும் ஒன்றாகத் தெரிந்தன. இளைஞரின் மார்புக் குழியில் எட்டணா அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அடித்த சத்தம் கூடக் கேட்கவில்லை. கூட்டம் ஒரு விநாடி கழித்தே ஆரவாரம் செய்தது.

அந்தப் புள்ளியில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. எலும்பை முறிக்கும் வீச்சுக்குத் தோளின் பலம் முழுவதும் இறங்கவேண்டும். பொட்டு வைக்கும் குத்துக்குக் கம்பு போன வேகத்தைவிட விரைவாகத் திரும்பிவரவேண்டும். முன்னதில் தேர்ந்தவன் பின்னதில் தோற்கக்கூடும். பொட்டுப் பந்தயம் நடந்த ஊர்களில், தலைமுறை தலைமுறையாக, பொட்டு வைக்கத் தெரிந்தவனே ஆசானானான். அவன் கற்றுக்கொடுத்த காலடியே சுவடு என்றும், அவன் வீசிய வரிசையே பாடம் என்றும் ஆயிற்று. துளுக்காணம், குறவஞ்சி, மறக்காணம், நாகம் பதினாறு, கள்ளன் கம்பு என்று பெயர் பெற்ற முறைகளுள் ஒவ்வொன்றும் எந்தக் களத்துக்காக, எந்த எதிரியை நினைத்து அமைந்தது என்று கேட்டுப் பார்த்தால், சில ஆசான்கள் சொல்லிக்காட்டுவார்கள்; சிலர் புராணத்துக்குப் போய்விடுவார்கள். சொல்லிக்காட்டும் ஆசானிடம் பிள்ளையை விடுவது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதோடு இந்தப் பக்கத்தின் சரித்திரம் வேறு தடத்தில் ஏறியது. அதற்கு முன்பே, 1928இல், சௌரி முத்து என்னும் வைத்தியர் நிறுவிய க்ஷயரோக ஆஸ்பத்திரி இங்கே இருந்தது. இன்றைக்கும் அங்குள்ள ரயில் நிலையத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர். 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. தோல் பதனிடும் குரோம் தொழிற்சாலையால் குரோம்பேட்டை என்று ஓர் ஊரே பெயர் பெற்றது. ரயில்வே, விமானப் படை, தொழிற்சாலை என்று உத்தியோகம் தேடித் திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்து ஏரிக்கரையோரங்களில் குடியேறியவர்கள், பெட்டி படுக்கையோடு தத்தம் ஊர் வரிசைகளையும் கொண்டுவந்தார்கள். இன்றும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மின்சார வண்டியின் கதவோரத்தில், தம்மைவிட ஒரு சாண் குட்டையான கம்பை உறையிலிட்டு நிமிர்த்திப் பிடித்தபடி நிற்கும் சிறுவர்களைப் பார்க்கலாம். ஒரே ஊரின் ஒரே பொட்டலில் வளர்ந்த வித்தை, பல ஊர் வித்தைகள் ஒரு மைதானத்தின் நான்கு மூலைகளில் நின்று ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்க்கும் நிலைக்கு வந்தது. பொதுவான பந்தயம் ஒன்று வேண்டுமென்ற எண்ணம் அப்படிப்பட்ட இடத்தில் எழுவது இயற்கையே.

பந்தயத்துக்கு வேண்டிய மற்றொரு சாமக்கிரியை, அதாவது ஊதுகுழலும் கடிகாரமும் மதிப்பெண் தாளும், வேறு வழியாக வந்தது. 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார்; 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குச் சென்ற இந்திய அணியுடன் சென்றவரும் அவரே. நந்தனத்தில் இன்றும் நடக்கும் அந்தக் கல்லூரியிலும் அதன் வழிவந்த கல்லூரிகளிலும் படித்துப் பள்ளிகளுக்குப் போன 'டிரில் மாஸ்டர்'கள், எடைப் பிரிவு, வயதுப் பிரிவு, சுற்று, நடுவர் என்ற சொற்களை நம் பிள்ளைகளுக்குப் பழக்கினார்கள். பல்லாவரம் பொட்டலில் பொட்டு வைத்த பெரியவருக்கு எடைப் பிரிவு என்றால் சிரிப்பு வந்திருக்கும். ஆயினும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே நாளில் மோதவிட வேண்டுமென்றால் வேறு உபாயம் இல்லை.

சினிமா இதற்குள் புகுந்ததைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. பரங்கிமலைக்கு அப்பால் ராமாவரம் தோட்டத்தில் வாழ்ந்த எம்.ஜி.ஆர். சிலம்பம் அறிந்தவர்; 1971இல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் ரிக்‌ஷாவில் அமர்ந்தபடியே கம்பு சுற்றி எதிரிகளை விரட்டும் காட்சியைக் கண்டு புல்லரித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அதன் பிறகு சில வருஷங்களுக்குள், 1973இல் காலஞ்சென்ற புரூஸ் லீயின் 'எண்டர் தி டிராகன்' இங்கே திரையேறியதும், கம்பு கிராமத்து விஷயமாகவும் வெறுங்கை நாகரிக விஷயமாகவும் ஆகிவிட்டது. மொட்டை மாடிகளில் கராத்தேயும் குங்ஃபூவும் முளைத்தன. வித்தை தெரிந்தவரும் கற்றுக்கொடுத்தார். படம் பார்த்தவரும் கற்றுக்கொடுத்தார்.

இந்தக் குங்ஃபூப் படங்களுக்குப் பின்னால் ஒரு பந்தயம் இருந்தது என்பது நம்மவர் பலர் அறியாத சுவையான செய்தி. 1954 ஜனவரி 17ஆம் தேதி, மக்காவ் நகரில், தீ விபத்தில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்டுவதற்காக, தாய்ச்சிப் பரம்பரை ஒன்றின் தலைவர் வூ கோங்யீயும் வெண்கொக்குப் பரம்பரையைச் சேர்ந்த சான் ஹாக்ஃபூவும் மேடையேறி மோதினார்கள். முன்னவர் ஐம்பதைத் தாண்டியவர். பின்னவர் முப்பதுகளில் இருந்தவர். இரு பரம்பரைகளின் ரகசிய சாமர்த்தியங்களையும் எதிர்பார்த்துக் கூடிய ஜனங்கள் கண்டது, மூக்கில் இரத்தம் வடிய இரண்டு ஆசான்கள் கட்டுக்கோப்பில்லாமல் கை வீசிய காட்சியைத்தான். இரண்டாம் சுற்றோடு நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள்; வென்றவர் என்று யாரையும் அறிவிக்கவில்லை. அந்த ஆட்டத்தின் பரபரப்பைப் பயன்படுத்திக்கொண்டு, ஹாங்காங் பத்திரிகையொன்றில் லியாங் யூஷெங் என்பவர் சில நாட்களுக்குள் வீரசாகசத் தொடர்கதை ஒன்றைத் தொடங்கினார். அந்த வகைக் கதைகள் பெருகின, கதைகள் படங்களாயின, படங்கள் நம்மூர்க் கொட்டகைக்கு வந்தன. மேடையில் நிகழாத அற்புதமெல்லாம் காகிதத்திலும் திரையிலும் நிகழ்ந்து, அதை மெய்யென்று நம்பிய நம் பிள்ளைகள் தாம்பரத்தில் மாதச் சம்பளம் கட்டிச் சேர்ந்தார்கள். அந்த இரு ஆசான்களையும் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. அவர்கள் பழகியது ஒரு களத்துக்கு. ஏற்றப்பட்டது வேறொரு களத்தில்.

சீன தேசத்திலேயே இந்தப் பிரச்சினை அதற்கு முன்பே எழுந்தது. 1928இல் நான்ஜிங் நகரில் தேசியக் கலைக் கழகம் ஒன்றை நிறுவி, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பரம்பரை வீரர்களை வரவழைத்து மேடைப் போட்டி நடத்தினார்கள். காயங்கள் மிகுந்தபடியால் இறுதிவரை மோதவிட அஞ்சி நிறுத்தினார்கள் என்று சொல்வதுண்டு. 1950களில் கம்யூனிஸ்டு அரசாங்கம் பரம்பரைகளைச் சேர்த்துப் பிசைந்து, எல்லோரும் ஒரே மாதிரி ஆடத்தக்க நிலையான வரிசைகளை வகுத்தது. 24 அசைவுகள் கொண்ட எளிய தாய்ச்சி 1956இல் பிறந்தது இப்படித்தான். வூஷூ என்ற பொதுப் பெயரில் இத்தகைய வரிசையாட்டம் 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாயிற்று.

இன்றைய வூஷூவுக்கு இரண்டு முகங்கள். தாவ்லூ என்பது 14 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள கம்பளத்தில் தனியாக ஆடிக்காட்டும் வரிசை. பத்து மதிப்பெண்ணில் அசைவின் சுத்தத்துக்கு ஐந்து, மொத்தத் தோற்றத்துக்கு மூன்று, கடினமான தாவல்களுக்கு இரண்டு என்று பகுத்துப் போடுகிறார்கள். சண்டா என்பது 8 மீட்டர் சதுரமான உயர்ந்த மேடையில் இருவர் மெய்யாகவே மோதுவது. இரண்டிரண்டு நிமிஷச் சுற்றுகள், மூன்றில் இரண்டு சுற்று வென்றவனே ஜெயித்தவன், ஒரே சுற்றில் இருமுறை மேடையை விட்டுக் கீழே தள்ளப்பட்டவன் அந்தச் சுற்றை இழந்தான். தொண்டையிலும் பிடரியிலும் மர்மஸ்தானத்திலும் அடிப்பது விலக்கு. பழைய வரிசைகளில் இந்த விலக்கப்பட்ட இடங்களுக்கே அதிக பாடம் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பாரம்பரியப் பள்ளியில் பத்து வருஷம் பழகியவன் சண்டா மேடையில் திகைப்பது ஏன் என்பது புரியும்.

நம் நாட்டில் வூஷூ சங்கம் 1989இல் ஏற்பட்டது. ஆசிய விளையாட்டில் 2010இல் குவாங்ஜோவில் சந்தியாராணி தேவியும், 2023இல் ஹாங்ஜோவில் ரோஷிபினா தேவியும் வெள்ளி வென்றார்கள். இருவரும் மணிப்பூர்ப் பெண்கள், இருவரும் வென்றது சண்டாவில். 2017இல் ரஷ்யாவின் கஸான் நகரில் ஹரியானாவின் பூஜா கடியான் உலகப் பட்டமே பெற்றதும் சண்டாவில்தான். இவர்கள் கீர்த்திக்கு அஸ்திவாரம் எந்தச் சீனக் குருவின் வம்சாவளியும் இல்லை. தினந்தோறும் எதிராளியோடு மோதிப் பழகிய மேடைப் பயிற்சி.

நண்பரோடும் பையனோடும் நான் இரண்டொரு குங்ஃபூ வகுப்புகளைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றிலும் சுவரில் போதிதர்மர் இருந்தார். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர், சீனம் சென்று ஷாவோலின் துறவிகளுக்குச் சண்டை கற்பித்தார், ஆகவே குங்ஃபூ நம்முடையதே என்று மாஸ்டர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சரித்திரமாகிவிட்டது. சரித்திரம் சற்றுச் சங்கடமானது. போதிதர்மரைக் குறிக்கும் மிகப் பழைய சீன நூல், ஆறாம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்டது, அவரைப் பாரசீகர் என்கிறது. தென்னிந்திய அரசகுமாரர் என்பது அதை அடுத்து வந்த மரபு. ஷாவோலின் பயிற்சிகளோடு அவரைப் பிணைக்கும் கதையோ 1624இல் எழுந்த ஒரு நூலின் முன்னுரைக்கு முன்னால் காணக் கிடைக்கவில்லை. இதைவிட எனக்கு வியப்பளித்தது வேறொன்று. அதே பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் ஸோங்யோ என்பவர் ஷாவோலின் வித்தையைப் பற்றி விரிவான நூல் செய்தார். அந்த நூலின் விஷயம் வெறுங்கையன்று, கம்பு. அக்காலத்தில் ஷாவோலின் துறவிகளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே கம்புதான். வம்சாவளி வேண்டுமென்று தவிப்பவர்கள் கடல் கடந்து தேடியது தங்கள் கொல்லைப்புறத்தில் சார்த்திவைத்திருந்த கோலையே என்று சொல்லலாமோ என்னவோ.

அந்த வகுப்புகளில் மஞ்சள், பச்சை, கறுப்பு என்று இடைக்கச்சைகள் பகட்டாகத் தெரிந்தன. இந்தக் கச்சை வழக்கம் சீனத்ததன்று; ஜப்பானில் ஜூடோவை வகுத்த கானோ ஜிகோரோவின் பள்ளியிலிருந்து உலகெங்கும் பரவியது. பாரம்பரியச் சீனப் பள்ளி என்று பலகை போட்ட இடத்தில் ஜப்பானியக் கச்சையும் தமிழ்ப் புராணமும் ஹாங்காங் சினிமாப் பாட்டும் சேர்ந்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. வித்தைகள் எப்போதும் இப்படித்தான் கலந்து வளர்ந்திருக்கின்றன. என் ஆட்சேபம் சான்றிதழ் விஷயத்தில். உறவுக்காரப் பையன் ஒருவன் ஆறு வருஷம் ஒரு பள்ளியில் பழகி, மாநில அளவு, தேசிய அளவு என்று பொறித்த தங்கப் பதக்கங்கள் ஒன்பது வாங்கி வைத்திருந்தான். பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கப்படும் 500 இடங்களுக்கு அவன் மனுப்போட்டபோது, அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் படிவம் எங்கே என்று கேட்டார்கள். ஒன்பது பந்தயங்களையும் நடத்தியது அந்தப் பள்ளியே. பெரும்பாலும் கலந்துகொண்டதும் அந்தப் பள்ளியின் கிளைகளே. பையன் திறமைசாலி. ஆனால் தன் பள்ளிக்கு வெளியே ஒருவனோடும் அவன் மோதியதில்லை.

சிலம்பத்தின் பக்கமும் வியாஜ்யம் இல்லாமலில்லை. சங்கங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. எது உண்மைச் சங்கம் என்ற தகராறு ஆசான்களின் தகராறைவிட நீளமானது. இருந்தாலும் அண்மைக் காலத்தில் அதற்கு ஒரு ராஜபாட்டை திறந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது; முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் கம்பு சுழல்கிறது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில், மேலக்கோட்டையூரில், உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. எதிராளியைத் தொட்டுக் கணக்கெடுக்கும் தொடுமுறை, தனி வீச்சு, இரட்டைக் கம்பு, சுருள்வாள், மான்கொம்பு என்று பந்தயங்கள் பிரிந்திருக்கின்றன. பிரிந்ததும் வழக்கம்போல் வித்தையும் மாறுகிறது. வீச்சுப் பந்தயத்தில் வேகத்துக்கும் அழகுக்கும் மதிப்பு. ஆகவே பிள்ளைகள் கல்மூங்கிலை விட்டு இலேசான பிரம்புக்கு மாறிவிட்டார்கள். பிரம்பு கண்ணுக்கு மின்னலாகச் சுழலும். எதிர்க்கம்போடு மோதினால் வளைந்து கொடுக்கும். ஐம்பது வருஷம் கழித்து யாரேனும் இதையே தொன்மையான பிரம்பு வரிசை என்று பலகை போட்டுக் கற்பிக்கக்கூடும். அப்போதும் அது பொய்யாயிராது.

கடைசியாக நாங்கள் போனது ஏரிக்கரையை ஒட்டிய ஒரு மைதானத்துக்கு. காலை ஆறு மணி. மின்சார வண்டியின் ஓசை தூரத்தில் வந்து தேய்ந்தது. இருபது பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களில் பாதிப்பேர் பெண் குழந்தைகள். சுவரும் இல்லை, சுவரில் படமும் இல்லை. வேப்பமரத்தில் சாத்திவைத்த கம்புகள், ஒரு மண்பானைத் தண்ணீர், பழைய லாரி டயர் ஒன்று. ஆசான் அறுபதைத் தாண்டியவர், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்கள். அந்த ஒரு சொல்லில் மட்டும் எல்லாப் பள்ளிகளும் ஒற்றுமையாயிருக்கின்றன. நண்பர் தம் இரு நிபந்தனைகளையும் சொன்னார். ஆசான் கேட்டுவிட்டு, "எந்தப் போட்டி சார்?" என்றார்.

நண்பருக்கு விடை தெரியவில்லை. அதுவரை போன எந்த இடத்திலும் அந்தக் கேள்வியை எங்களிடம் ஒருவரும் கேட்டதில்லை. ஆசான் தொடர்ந்தார்: "வீச்சுக்குன்னா ஆறு மாசத்துல மேடையேத்தலாம். தொடுமுறைக்குன்னா ரெண்டு வருஷம் ஆகும். அடிச்சு விளையாடுற சண்டாதான் வேணும்னா, கால் பாடம் என்கிட்ட படிக்கட்டும், மோதிப் பழகுறதுக்கு வேற ஆள் காட்டுறேன், அது எனக்குத் தெரியாது." பிறகு, அவர் மாணவர்கள் கடைசியாக எங்கே ஆடினார்கள் என்று நான் கேட்டேன். மாவட்டப் போட்டியில் ஆறு பேர் இறங்கி ஐந்து பேர் தோற்றார்கள் என்று சொல்லி, ஐவரும் யாரிடம், எந்த அடியில் தோற்றார்கள் என்பதை ஒன்றன்பின் ஒன்றாக விவரித்தார். ஒருத்தி தோற்ற இடத்தை எழுந்து நின்று கால் மாற்றியே காட்டினார். தெரியாது என்று சொன்னதும் தோல்வியைக் கணக்கு வைத்திருந்ததும் ஆகிய இவ்விரண்டுக்காகவே, பையனை அங்கே விடும்படி நண்பருக்குச் சொன்னேன்.

"பேரு என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டு, ஆசான் தம் கம்பின் நுனியால் மண்ணில் ஒரு முக்கோணம் கீறி, அதன் மூன்று முனைகளிலும் கால் வைத்து மாற்றி மாற்றி நிற்கச் சொன்னார். பையன் மரத்தடியிலிருந்த கம்புகளை ஏக்கத்தோடு பார்த்தபடியே நின்றான்.

சேர்ந்து ஏழு மாதமாகிறது. இன்னும் முக்கோணந்தான் நடக்கிறது. கம்பைக் கையில் கொடுக்கவில்லை.